கோணம் அறிந்த கைகள்

பேராக் மாநிலத்தின் அரச நகரமாகிய கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தை அடுத்து, வேலியிட்டுக் காக்கப்படும் முதிய மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்த இரப்பர்க் கன்றுகளுள் எஞ்சியது என்று அது போற்றப்படுகிறது. அதனைக் காண வருவோர், அம்மரத்தின் வழித்தோன்றல்கள் ஈட்டித் தந்த செல்வத்தைப் பற்றிப் பேசுவர். ஏற்றுமதிக் கணக்கும் விலை ஏற்ற இறக்கமும் தோட்ட நிறுவனங்களின் இலாபமும் நூல்களில் நிறையப் பதிவாகியுள்ளன. அம்மரம் உலகிற்குத் தந்த அறிவின் வரலாறோ அத்துணை அறியப்பட்டதன்று.

ஒரு பொருளை நீளவாட்டில் இழுத்தால் அதன் பக்கங்கள் என்னவாகும்? பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய எளிய வினா இது. இதற்குத் தெளிவான விடை காண இருபதாம் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளுள் தலையாய சில, மலாயாத் தோட்டங்களின் இரப்பர் ஈட்டிய பணத்தால் நடந்தவை. அவ்வினாவின் மறு எல்லையில் இன்று, இழுத்தால் மெலியாமல் பருக்கின்ற பொருள்களை அறிவியலார் ஆக்கி வருகின்றனர். பேராக்கின் பால்மர நிரைகளுக்கும் இப்புதுமைப் பொருள்களுக்கும் இடையே உள்ள உறவைக் காண்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரும்.

கன்று வந்ததும் கைகள் வந்ததும்

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை சிறு பங்கே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கிற்குக் கொண்டுவரப்பட்டு, ஆங்கில ஆட்சியின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன.

மரம் வளர்ந்தது, ஆயினும் அதிலிருந்து பால் எடுக்கும் முறை உடனே அமையவில்லை. அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் வடித்தனர். மரம் புண்பட்டு நலிந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். மரம் சாகாமல் பல்லாண்டு பால் தரும் வழி பிறந்தது. மோட்டார் வண்டிகள் பெருகவே, சக்கர உறைகளுக்கு இரப்பர் வேண்டப்பட்டது. சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா, தாப்பா, பீடோர் முதலிய இடங்களைச் சூழ்ந்து தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலி முறையிலும் பின்னர்க் கங்காணி முறையிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் அத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன.

பால் வெட்டும் தொழிலை அறிவு வேண்டாத உடலுழைப்பு என்று கருதுவோர் உண்டு. அத்தொழிலை அணுகி நோக்கினால் அக்கருத்து மாறும். மரப்பட்டையின் உட்பகுதியில், வளர்படலத்தை ஒட்டிப் பால் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. வெட்டு ஆழம் குறைந்தால் பால் குறையும். சற்று மிகுந்தால் வளர்படலம் காயப்பட்டு, பட்டை மீண்டும் செவ்வையாக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே இடம். மேலும் அப்பால் குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆகவே வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் அமைந்தால் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு அதற்குப் பொருத்தமானது.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்ற ஆணும் பெண்ணும், குளிர் நீங்குமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் இச்சாய்வைப் பிழையின்றி வெட்டினர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளரும் என்பது அவர்கள் அறிந்த ஒன்று. கோணமும் ஆழமும் நேரமும் அறிந்த கைகள் அவை. பொருளின் பயன் அதன் உள்ளமைப்பின் திசையை அறிவதில் உள்ளது என்னும் உண்மையை ஏடு எழுதாமலே அக்கைகள் கற்றிருந்தன. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அவ்வுண்மை வேறொரு வடிவில் மீண்டும் வரும்.

இழுத்தால் ஒடுங்கும் இயல்பு

சைமன் டெனிஸ் பாய்சான் (1781–1840) என்பவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர். ஒரு கம்பியை இழுத்தால் அது நீளும்போது பக்கவாட்டில் ஒடுங்கும். பக்க ஒடுக்கத்தின் விழுக்காட்டை நீட்சியின் விழுக்காட்டால் வகுத்தால் கிடைக்கும் எண் அவர் பெயரால் பாய்சான் விகிதம் எனப்படுகிறது. எல்லாத் திண்மப் பொருள்களுக்கும் இவ்வெண் கால் என்றே அமையும் என 1820களில் அவர் கணித்தார். பின்னர் நடந்த சோதனைகள் அவ்வாறு இல்லை எனக் காட்டின. எஃகிற்கு இது ஏறத்தாழ 0.3, புட்டித் தக்கைக்கு ஏறத்தாழச் சுழி. தக்கையை அழுத்தினால் பக்கம் புடைப்பதில்லை. ஆதலின் அது புட்டியின் கழுத்தில் எளிதாகப் புகுகிறது.

இரப்பரின் எண் 0.5ஐ மிக நெருங்கி நிற்கிறது. இதன் பொருள், இரப்பரை எவ்வளவு இழுத்தாலும் அதன் பருமன் மாறுவதில்லை என்பதாகும். நீளம் ஒரு விழுக்காடு கூடினால், அகலமும் தடிப்பும் தனித்தனியே அரை விழுக்காடு குறைந்து கணக்கைச் சரிசெய்துவிடும். சுருண்டு பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது இரப்பர். இழுக்கும்போது அச்சங்கிலிகள் நிமிர்கின்றன. விட்டவுடன் மீண்டும் சுருள்கின்றன.

இதனை வகுப்பறையிலேயே உணரலாம். 1805இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த ஜான் கஃப் என்னும் பார்வையற்ற அறிஞர், இரப்பர்த் துண்டு ஒன்றை உதட்டோடு ஒட்டி வைத்துச் சட்டென இழுத்தார். அது வெதுவெதுப்பாவதை உணர்ந்தார். சற்றுப் பொறுத்துத் தளர விட்டால் குளிர்வதையும் கண்டார். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இரப்பர் வளையத்தைத் தந்தால், காசு செலவின்றி இருநூறு ஆண்டுப் பழைய ஆய்வை அவர்கள் மீண்டும் செய்து பார்ப்பர்.

தீர்வையும் ஆய்வுக்கூடமும்

1925இல் மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் இரப்பர் மீது விதிக்கப்பட்ட தீர்வையே அதன் வருவாய். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தது. தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இரப்பருக்குப் புதுப் பயன் காண வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1938இல், மலாயா முதலிய நாடுகளின் இரப்பர் உற்பத்தியாளர்கள் அளித்த பணத்தைக் கொண்டு, பிரிட்டிஷ் இரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் இங்கிலாந்தில் அமைந்தது. வெல்வின் கார்டன் சிட்டி என்னும் சிறு நகரில் அதன் ஆய்வுக்கூடம் இயங்கியது.

லெஸ்லி டிரெலோர் அங்குப் பணியாற்றியவர். இரப்பரின் மீள்தன்மையை மூலக்கூற்று நிலையில் விளக்கும் அவருடைய நூல் 1949இல் வெளிவந்து, அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. 1944இல் அங்குச் சேர்ந்த ரொனால்டு ரிவ்லின் கணிதம் வல்லவர். அதுகாறும் இருந்த மீள்தன்மைக் கணிதம், எஃகைப் போல நூலளவே நீளும் பொருள்களுக்குப் பொருந்துவது. தன் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீளும் இரப்பருக்கு அக்கணிதம் உதவவில்லை. பருமன் மாறாமை என்னும் இரப்பரின் தனிப்பண்பையே படியாகக் கொண்டு, பெருநீட்சிக்கான கணிதத்தை ரிவ்லின் 1948 முதல் கட்டுரைகளாக வெளியிட்டார். குருதிக் குழாய், இதயத் தசை போன்ற மென்பொருள்களை ஆராய்வோரும் இன்று அக்கணித மரபையே பின்பற்றுகின்றனர். 1953இல் ரிவ்லினும் ஆலன் தாமசும் இரப்பர் எவ்வாறு கிழிகிறது என்பதை விளக்கிய கட்டுரை, பொருள் முறிவியலில் நிலைத்த இடம் பெற்றது.

அவ்வாண்டுகளில் மலாயாவில் நிகழ்ந்ததையும் வரலாறு மறக்கலாகாது. 1942 முதல் 1945 வரை நாடு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்கள் காடாயின. பால் வெட்டிய கைகளுள் பல்லாயிரம் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டன. சென்றவருள் பெருந்தொகையினர் மீளவில்லை. பேராக் தோட்ட லயங்களில் தந்தையை, தமையனைச் சயாமுக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. வெல்வின் ஆய்வுக்கூடத்தில் இரப்பர் நாடா இழுத்து அளக்கப்பட்ட அதே காலத்தில், அந்த ஆய்வுக்குப் பொருள் ஈட்டித் தந்த மக்கள் அயல்நாட்டுக் காட்டில் மாண்டுகொண்டிருந்தனர். அறிஞர் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. தீர்வையாகச் சென்ற பணத்தின் பின்னே இருந்த பெயர்கள், தோட்டக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தோடு மறைந்தன.

அச்சங்கம் பின்னர் மலேசிய இரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் ஆயிற்று. அதன் ஆய்வுக்கூடம் 1974இல் ஹெர்ட்ஃபர்டை அடுத்த பிரிக்கண்டன்பரிக்கு மாறி, துன் அப்துல் ரசாக்கின் பெயரைத் தாங்கியது. இன்று அது மலேசிய இரப்பர் வாரியத்தின் கீழ் இயங்குகிறது.

பொருளினும் அமைப்பு பெரிது

இரப்பர் ஆய்வு கற்பித்த பாடங்களுள் ஒன்று, ஒரு பொருளின் இயல்பைப் பொருளை மாற்றாமலே அமைப்பினால் மாற்றலாம் என்பது. தடித்த இரப்பர்க் கட்டை ஒன்றின் மேல் சுமையை ஏற்றினால் அது பக்கங்களில் புடைத்து அமுங்கும். அதே இரப்பரை மெல்லிய தகடுகளாக்கி, இடையிடையே எஃகுத் தகடுகளை ஒட்டி அடுக்கினால், பக்கப் புடைப்புத் தடைபடும். பருமன் குறைய இயலாத இரப்பர், புடைக்கவும் வழியின்றிப் பெருஞ்சுமையைத் தாங்கும். பக்கவாட்டில் அசைக்கும்போது மட்டும் முன்போலவே நெகிழ்ந்து கொடுக்கும். கட்டடத்தைத் தாங்கவும், நிலநடுக்கத்தின்போது அதனை மெல்ல ஆட விடவும் இவ்வடுக்கு உதவுகிறது. மலேசிய ஆய்வுச் சங்கத்தின் துணையோடு உருவான இத்தகைய இயற்கை இரப்பர்த் தாங்கிகளின் மேல், 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நீதிமன்றக் கட்டடம் ஒன்று எழுந்தது. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாம் பாலத்திலும் இயற்கை இரப்பர்த் தாங்கிகள் உள்ளன.

இரப்பரோடு இழையைச் சேர்ப்பது இதனினும் வியப்பான பயன் தரும். 1888இல் டன்லப் ஆக்கிய காற்றுச் சக்கரத்திலேயே இரப்பருக்குத் துணி துணையாயிற்று. இன்றைய சக்கர உறையும் இழைகள் பதித்த இரப்பரே. அவ்விழைகள் எத்திசையில் சாய்கின்றன என்பதே அதன் நடத்தையை முடிவு செய்கிறது.

ஈப்போ நகரின் பழைய கடைகளில் சாய்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மடிப்புக் கம்பிக் கதவுகளைக் கண்டிருப்போர் பலர். கதவை அகல இழுத்தால், சட்டங்கள் அமைத்த சாய்சதுரங்களின் உயரம் குறையும். சட்டங்கள் தாம் நீளாதவை. சாய்வு மட்டுமே மாறுகிறது. இனி ஓர் இரப்பர்த் தகட்டில், இழுக்கும் திசைக்கு இருபுறமும் 30 பாகை சாய்வாக, நீளாத இழைகள் அவ்வாறே குறுக்கு மறுக்காகப் பதிக்கப்பட்டன எனக் கொள்க. தகட்டை ஒரு விழுக்காடு நீட்டினால், சாய்சதுரக் கணக்கின்படி அகலம் மூன்று விழுக்காடு குறையும். இரப்பரின் பருமனோ மாறாதது. நீளத்தில் ஒன்று கூடி அகலத்தில் மூன்று குறைந்தமையால், அந்த இரண்டையும் ஈடுசெய்யத் தடிப்பு இரண்டு விழுக்காடு கூடியே தீரவேண்டும். இழுத்த தகடு பருக்கிறது! சாய்வு 45 பாகைக்குக் குறையும்போதெல்லாம் இவ்விளைவு உண்டு. 45 பாகையில் தடிப்பு மாறாது. அதற்கு மேல் தடிப்புக் குறையும். முக்கோணவியல் கற்கும் இடைநிலைப்பள்ளி மாணவர் இதனைத் தாமே கணித்துக் காட்டலாம்.

இரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக்கையும், சாதாரண இழைக்குப் பதில் கரிம இழையையும் கொண்டால், வானூர்திகளில் பயன்படும் இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் கிடைக்கும். அதன் அடுக்குகளைத் தக்க கோணங்களில் சாய்த்து அமைத்தால் தடிப்புத் திசையில் பாய்சான் விகிதம் சுழிக்கும் கீழே செல்லும் என்பதை 1984இல் அமெரிக்க அறிஞர் கார்ல் ஹெராகோவிச் கணித்து வெளியிட்டார். அங்கே புதிய பொருள் ஏதும் இல்லை. கோணம் ஒன்றே புதுமை.

உடுக்கை வடிவம்

எல்லாத் திசைகளிலும் ஒரே இயல்புள்ள பொருளுக்கும் பாய்சான் விகிதம் −1 வரை செல்லலாம் என்பதைப் பழைய கணிதமே அனுமதித்திருந்தது. ஆயினும் அத்தகைய பொருள் கைக்கு வராமல் இருந்தது. 1987இல் ரோடரிக் லேக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், மெத்தைகளில் பயன்படும் நுரைப் பொருள் ஒன்றை எடுத்து, மூன்று திசைகளிலும் அழுத்தி அச்சிலிட்டு, இளகுமளவு சூடாக்கி, அந்நிலையிலேயே குளிரவைத்தார். வெளியே எடுத்து இழுத்தபோது அது பக்கங்களில் பருத்தது. அதன் விகிதம் −0.7 வரை சென்றது. 1991இல் கென் எவன்ஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞரும் அவர் குழுவினரும் இத்தகைய பொருள்களுக்கு, பெருகுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்சட்டிக் என்று பெயரிட்டனர். தமிழில் பருக்கும் பொருள் என்றால் அதுவே போதும்.

இதன் உட்பொருளைத் தமிழ் மாணவர்க்கு விளக்க உடுக்கையினும் சிறந்த சான்று இல்லை. தேன்கூட்டின் அறுகோணக் கண்ணறையை மேலும் கீழும் பிடித்து இழுத்தால் பக்கங்கள் உள்ளே நெருங்கும். கண்ணறையின் இடுப்பை உட்புறமாக மடித்து உடுக்கை வடிவாக்கினால், இழுக்கும்போது ஒடுங்கிய இடுப்பு வெளியே தள்ளும். இத்தகைய உடுக்கைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் அவ்வலை முழுதும் பருக்கும். லேக்சின் நுரையில் நிகழ்ந்ததும் இதுவே. அழுத்தத்தால் அதன் கண்ணறைகள் உள்நோக்கி மடிந்திருந்தன. மூலப்பொருளால் அன்றி உள்ளமைப்பால் புதிய இயல்பு பெறும் இத்தகையவற்றை இன்று மெட்டாமெட்டீரியல் என்னும் பெயரால் குறிக்கின்றனர்.

இவற்றின் பயன் யாது? பருக்கும் பொருளை ஓரிடத்தில் குத்தினால், பக்கத்துப் பொருள் விலகி ஓடாமல் குத்திய இடத்தை நோக்கி நெருங்கி வந்து எதிர்க்கும். எனவே அடிதாங்கும் கவசங்களுக்கு அது ஏற்றது. பிளாஸ்டிக்கில் பதித்த இழையே பருக்கும் இயல்புடையதாயின், அதனை உருவ முயன்றால் தடித்து இறுகித் தன் இடத்தைப் பற்றிக்கொள்ளும்; சாதாரண இழையோ மெலிந்து நழுவும். விளையாட்டுக் காலணிகளின் அடிப்பகுதியில் இவ்வமைப்பு வந்துவிட்டது. குறைகளும் உண்டு. கண்ணறைகள் நிறைந்த பொருள் கெட்டிப் பொருளின் உறுதியைப் பெறாது. நுண்ணிய உடுக்கை வடிவங்களை இழை பிளாஸ்டிக்கில் பிழையின்றிச் செய்வதும் செலவு மிக்கது. ஆகவே இத்துறை பெரிதும் ஆய்வுக்கூட அளவிலேயே வளர்ந்து வருகிறது.

நிரைகள் மறைந்த நிலத்தில்

1990களின் தொடக்கத்தில் இயற்கை இரப்பர் உற்பத்தியில் மலேசியா தன் முதலிடத்தைத் தாய்லாந்திடம் இழந்தது. பேராக்கின் பால்மர நிரைகளிற் பெரும்பகுதி எண்ணெய்ப் பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டது. லயங்கள் இடிந்தன, தோட்டத்து மக்கள் ஈப்போ முதலிய நகரங்களின் புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டப் பள்ளிகள் சில மூடப்பட்டன. சில நகரங்களுக்கு மாறின. பால் வெட்டிய தலைமுறை முதிர்ந்து மறைந்து வருகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பால்மரம் பாடநூலில் காணும் படம்.

அதே மாநிலத்தில், 1969இல் நிறுவப்பட்ட நாட்டின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஈப்போவில் இருக்கிறது. 1997இல் தோன்றிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்ரீ இஸ்கந்தரில் இருக்கிறது. தோட்டத்து வழிவந்த பிள்ளைகள் பொறியியல் பயில வாயில் தொலைவில் இல்லை. தொலைவில் இருப்பது, இவ்வறிவு தமக்கு உரியது என்னும் எண்ணமே. அறிவியல் எங்கோ பிறந்தது, எவரோ கண்டது, தம் முன்னோர்க்கு அதில் பங்கில்லை என்று நினைக்கும் பிள்ளை, கதவு திறந்திருந்தாலும் தயங்கி நிற்கும்.

அத்தயக்கத்தைப் போக்கப் பொய்யான பெருமை வேண்டா. பாய்சான் விகிதத்தைத் தமிழர் கண்டனர் என்று சொல்லவேண்டுவதில்லை. அது உண்மையும் அன்று. உண்மை எதுவோ அதுவே போதுமானது. பேராக்கின் மரங்களிலிருந்து 30 பாகைச் சாய்வில் தமிழர் கைகள் வடித்த பால் உலகெங்கும் சென்றது. அதன் மீதான தீர்வை ஆய்வுக்கூடங்களை வாழவைத்தது. அங்கே பிறந்த கணிதம் பொருளின் நெகிழ்ச்சியை உலகம் அறியச் செய்தது. இக்கொடையைச் செய்தோர் அதனை அறியாமலே செய்தனர். அதற்குரிய கூலியையும் புகழையும் பெறாமலே சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளாவது அதனை அறிதல் வேண்டும்.

அறிவியல் பாடவேளையில் இரப்பர் வளையம் ஒன்றை உதட்டில் ஒட்டி இழுக்கச் செய்யும் ஆசிரியர், அதனோடு இவ்வரலாற்றையும் இரண்டு நிமிடம் சொல்லட்டும். தாளை மடித்து உடுக்கைக் கண்ணறைகள் செய்து, அவை பருப்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே கண்டு வியக்கட்டும். வீட்டிற்குச் சென்று, பாட்டியின் கை எந்தச் சாய்வில் மரத்தை வெட்டியது என்று கேட்டு வரச் சொல்லட்டும். அப்பாட்டி கத்தி பிடிக்கும் பாவனையில் காற்றில் இழுத்துக் காட்டும் அக்கோடு, பொறியியல் நூல்களில் சாய்ந்து கிடக்கும் இழைக்கோட்டிற்கு அயலானதன்று என்பதை அந்தப் பிள்ளை ஒருநாள் உணரும்.